கண்ணை ஏய்ப்பதும் நம்பிக்கையை ஏய்ப்பதும்

அமெரிக்கர் உதைபந்தாட்டம் எனப் பெயரிட்டு ஆடும் ஆட்டத்திலே கால் பந்தைத் தொடும் வேளைகள் மிகச் சில. நீள்வட்டமான பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், எறிவதும், ஏந்தி ஓடுபவனை மோதி வீழ்த்துவதுமே அதன் பெரும்பகுதி. பெயர்ப் பொருத்தத்தை எண்ணி நாம் நகைத்துக்கொள்ளலாம். ஆயினும் அந்நாட்டு உயர்நிலைப் பாடசாலைகளிலே வெள்ளிக்கிழமை இரவுகளில் நிகழும் இவ்வாட்டத்தைக் காணச் சிற்றூர்கள் முழுவதுமே திரள்கின்றன. அப்பிள்ளைகளைப் பழக்கும் பயிற்றுநர் பலர் பகலில் வகுப்பறையிலே பாடம் சொல்லும் ஆசிரியர்கள். ஆகவே அவர்கள் மைதானத்திற் கற்பிக்கும் தந்திரங்களைப் பற்றி இங்குள்ள ஆசிரியரும் மாணவரும் சிறிது சிந்திப்பதில் தவறில்லை எனக் கருதுகிறேன்.

தந்திர ஆட்டங்கள் என்றொரு வகை அங்கே உண்டு. பக்கத்திற்குப் பதினொருவர் நின்று, நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் தூரம் முன்னேற வேண்டும் என்பது அடிப்படை விதி. ஒவ்வொரு முயற்சியும் நடுவில் நிற்பவன் பந்தைத் தன் பின்னால் நிற்பவனிடம் கொடுப்பதோடு தொடங்கி, பந்தேந்தியவன் வீழ்ந்ததும் முடிகிறது. மற்றைய பந்தாட்டங்களைப் போல இடையறாது ஓடுவதன்று இது. சதுரங்கம் போல நின்று நின்று நிகழ்வது. இந்த இடைவேளைதான் தந்திரத்தின் விளைநிலம். அடுத்த முயற்சியிலே யார் எங்கே ஓடுவது என்பதை முன்கூட்டியே வகுத்துக்கொள்ள இதனால் இயல்கிறது. உடல்வலியிலும் ஆள்தொகையிலும் குறைந்த பாடசாலை, பெரிய பாடசாலையை எதிர்கொள்ளும்போது இவ்வகுப்பையே நம்பி நிற்கும்.

எனக்கு மிக உவப்பானது சுதந்திரதேவி சிலை என அவர்கள் வழங்கும் உபாயம். பந்தை எறிய வேண்டியவன், தீபமேந்திய அச்சிலையைப் போலக் கையை உயர்த்தி நிற்பான். எதிரிகளின் கண்களெல்லாம் அக்கையையே நோக்கும். அதேவேளை பந்தோ முதுகுப்புறத்திலே காத்திருக்கும். பின்னால் வரும் தோழன் அதனைப் பற்றிக்கொண்டு மறுபுறம் ஓடிவிடுவான். 2007 ஜனவரி 1ஆந் திகதி, பெயர்பெற்ற ஒக்லஹோமா சர்வகலாசாலையை அத்துணைப் புகழில்லாத பொய்சி மாநிலச் சர்வகலாசாலை 43க்கு 42 என வென்றது இவ்வுபாயத்தினாலேயே. வலக்கை வெறுங்கையாய் எறிவது போல அசைய, இடக்கை முதுகின் பின்னே பந்தை நீட்டியது. அதற்குச் சற்று முன்னர், ஆட்டம் முடியப் பதினெட்டு விநாடிகளே இருந்தபோது அவர்களைத் தோல்வியினின்று மீட்டதும் மற்றொரு தந்திரம். பந்தைப் பிடித்தவன் தன்னை நோக்கி எதிரிகளை ஈர்த்து, அருகே ஓடிவந்தவனுக்கு அதனைப் பக்கவாட்டில் வீசிவிட்டான். இவ்விரண்டும் பாடசாலைச் சிறுவர்களும் நன்கறிந்த உபாயங்கள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பந்தைத் தோழனுக்குக் கொடுத்து, அவனிடமிருந்து மீண்டும் வாங்கித் தொலைவில் எறியும் இன்னொரு வகையும் உண்டு. அதனைச் சிக்காகோவை அடுத்த ஓக் பார்க் உயர்நிலைப் பாடசாலையிற் பயிற்றுநராயிருந்தபோதே தாம் வகுத்ததாகப் பொப் சுப்கி கூறினார். அவர் அங்குச் சென்றது 1910இல். பின்னர் இலினோய் சர்வகலாசாலையிலும் அதனைக் கையாண்டு பெயர்பெற்றார். பாடசாலை மைதானத்திற் பிறந்தது சர்வகலாசாலைக்கு ஏறிச்சென்ற கதை இது.

நமது கிளித்தட்டிலே கோட்டைக் கடப்பவன் ஒருபுறம் சாய்ந்து போக்குக் காட்டி மறுபுறம் பாய்வதில்லையா? அதனை எவரும் பொய் என்று சொல்வதில்லை. மறிப்பவனும் அதனை எதிர்பார்த்தே நிற்கிறான். இவ்விடத்தில் ஏமாற்றுதல் ஆட்டத்தின் ஓர் உறுப்பு.

இனி, தந்திர ஆட்டங்களுள் எல்லாவற்றினும் புகழ்வாய்ந்த ஒன்றைக் கூற வேண்டும். பென்சில்வேனியாவிலே கார்லைல் என்னுமிடத்தில் 1879 முதல் 1918 வரை செவ்விந்தியப் பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பாடசாலை இருந்தது. அதன் நோக்கத்தைக் கல்வி என்றனர். பிள்ளைகளின் கூந்தலை வெட்டினர், பெயரை மாற்றினர், தாய்மொழி பேசுவதைத் தடுத்தனர். அப்பிள்ளைகள் 1903இல் செல்வமும் செல்வாக்கும் மிக்க ஹாவர்ட் சர்வகலாசாலையை எதிர்த்து ஆடினர். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் ஹாவர்ட் உதைத்த பந்தை ஜோன்சன் என்பவர் பிடித்தார். தோழர்கள் அவரைச் சூழ்ந்து நின்றனர். அக்கணத்தில் பந்து டில்லன் என்பவரின் மேலாடையின் பின்புறத்தினுள்ளே புகுந்தது. பயிற்றுநர் வார்னர் அவ்வாடையில் இழுபடும் நாடாவை முன்னரே தைப்பித்திருந்தார். கூட்டம் கலைந்தபோது, ஏனையோர் தத்தம் தோற்றொப்பியைப் பந்து போல வயிற்றோடணைத்துக்கொண்டு திக்குக்கொருவராய் ஓடினர். ஹாவர்ட் வீரர் அவர்களைத் துரத்தி வீழ்த்திக்கொண்டிருக்க, இரு கைகளையும் வீசி ஓடிய டில்லனை எவரும் பொருட்படுத்தவில்லை. அவர் எல்லையைக் கடந்தார்.

கார்லைல் பதினொரு புள்ளிகளோடு முன்னின்றது. ஹாவர்ட் பின்னர் மீண்டெழுந்து 12க்கு 11 என வென்றது. எனினும் அந்நாளைப் பற்றி இன்றும் பேசுவோர் அவ்வெற்றியைப் பேசுவதில்லை. முதுகிலே பந்தோடு ஓடியவரையே பேசுகின்றனர். 1895இலேயே ஓபேர்ன் ஆட்டக்காரர் இத்தகைய உபாயத்தைக் கையாண்டிருந்தனர் எனினும், கார்லைலின் செயலே நிலைத்தது. தம்மிடமிருந்த யாவும் பறிக்கப்பட்ட பிள்ளைகள், பறித்தவரின் ஆட்டத்திலே, பறித்தவர் கண்முன்னேயே ஒன்றை மறைத்துக் காட்டினர் என்பதனால் அது என் நெஞ்சையும் கவர்கிறது. இன்றைய விதிகள் பந்தை ஆடைக்குள் மறைப்பதைத் தடுக்கின்றன. அத்தடை நியாயமானதே. 1911இலே அதே கார்லைல், அதே ஹாவர்டை 18க்கு 15 என வென்றது. அன்று ஜிம் தோர்ப் என்னும் பெருவீரர் நான்கு முறை பந்தை உதைத்துக் கம்பங்களினூடே செலுத்தினார். ஆட்டத்தின் பெயருக்கு அன்றேனும் பொருத்தம் வாய்த்தது.

இதுவரை கூறியவை கண்ணை ஏய்ப்பவை. இவற்றுக்கு முற்றிலும் வேறான ஒன்றை நான் கண்டிக்கிறேன். 2010இலே ரெக்சாஸ் மாநிலத்துக் கோர்ப்பஸ் கிறிஸ்ரி நகரில், உயர்நிலைக்கு முற்பட்ட வகுப்புப் பிள்ளைகளின் ஆட்டமொன்றில் நிகழ்ந்தது அது. எதிரணி தண்டனையாக ஐந்து யார் இழக்க வேண்டுமெனப் பயிற்றுநர் ஓரத்தில் நின்று குரல் கொடுத்தார். நடுவில் நின்ற பிள்ளை பந்தைத் தோளுக்கு மேலாக எடுத்துப் பின்னால் நின்றவனிடம் கொடுத்தான். அவன் அடியளப்பவன் போல எதிரிகளின் நடுவே மெல்ல நடந்தான். ஆட்டம் தொடங்கவில்லை என நம்பிய சிறுவர்கள் விலகி வழிவிட்டனர். அவர்களைக் கடந்ததும் அவன் ஓட்டம் பிடித்தான். இணையத்திலே அக்காட்சியைக் கண்டு சிரித்தோர் பல இலட்சம். நானும் பலமுறை பார்த்தேன். வழிவிட்ட சிறுவரின் முகங்களையே என் கண் தேடிற்று.

அச்சிறுவர் மந்தமானவர் அல்லர். கூர்மையான கண்ணிருந்தால் சிலையின் உபாயத்தை முறியடிக்கலாம். இதனை முறியடிக்கக் கண் போதாது, சந்தேகம் நிறைந்த மனம் வேண்டும். பெரியவர் ஒருவரின் சொல்லை நம்பியதே அவர்கள் செய்தது. பாரதப் போரிலே சக்கரவியூகம் வகுத்ததை நாம் குறை கூறுவதில்லை. அசுவத்தாமன் இறந்தான் என்ற சொல்லைக் கேட்டுத் துரோணர் வில்லைக் கீழே வைத்த இடத்திலேதான் கதை கேட்பவன் நெஞ்சு கூசுகிறது. வியூகம் போருக்குள் இருந்தது. அச்சொல்லோ போரையே நிறுத்திவைக்கும் சொல்.

வேறொரு காரணமும் உண்டு. எனக்கு அதுவே பெரிது. இவ்வாட்டம் உடலோடு உடல் மோதும் ஆட்டம். இப்போது ஆட்டம் நின்றுவிட்டது என்பதை இருசாராரும் ஒருங்கே நம்புவதுதான் பிள்ளைகளின் எலும்புகளைக் காப்பது. ஒருமுறை இவ்வாறு ஏமாந்தவன், மறுமுறை உண்மையாகவே நின்றுபோன வேளையிலும் எதிரியை மோதி வீழ்த்துவான். அவனைக் குறைகூற யாருக்கு உரிமையுண்டு?

பாடசாலை ஆட்டங்களுக்கு விதி வகுக்கும் தேசிய சம்மேளனம் இதனை நன்கு உணர்ந்திருக்கிறது. பந்தை நிறுத்தி உதைப்பதற்கான சிறு தாங்கியைக் காணவில்லை என்று கூவி, அதனைத் தேடுவது போல ஒருவனை ஓரத்தை நோக்கி ஓடவிட்டு, அவனுக்கே பந்தை எறியும் தந்திரம் ஒன்று அவர்களது விளக்க நூலிலே எடுத்துக்காட்டாக உள்ளது. ஏதோ இடர் நேர்ந்தது, ஆட்டம் இப்போது தொடங்காது என எதிரியை நம்பவைக்கும் சொல்லும் செயலும் முறையற்றவை என்பது அங்கே கண்ட தீர்ப்பு. மாற்றாளாக வெளியேறுபவன் போலப் பாவனை செய்து ஓரத்தில் ஒளிந்து நிற்பதும் தடுக்கப்பட்டது. ஒவ்வொரு முயற்சிக்கு முன்னரும் பக்கக் கோட்டிலிருந்து ஒன்பது யாருக்கு உட்புறமாக ஆட்டக்காரர் ஒருகணமேனும் வந்திருக்க வேண்டும் என்ற விதி இதனைத் தடுப்பதற்கே.

ஆனால் அதே சம்மேளனம் 2009 பெப்ரவரியிற் செய்த மற்றொரு தடையை என்னால் ஏற்க முடியவில்லை. கலிபோர்ணியாவின் பீட்மொன்ற் உயர்நிலைப் பாடசாலையிலே பிரையன், ஹம்ப்ரீஸ் என்னும் பயிற்றுநர் இருவர் 2007இல் ஒரு புதிய வகுப்பைக் கொணர்ந்தனர். 50 முதல் 79 வரை எண்ணணிந்தோர் எறிந்த பந்தைப் பிடிக்கலாகாது என்பது பொதுவிதி. பந்தை உதைப்பதற்கென அணிவகுக்கும்போது மட்டும் அவ்வெண்களை அணிய வேண்டியதில்லை என ஒரு விலக்கு இருந்தது. அவ்விலக்கை அவர்கள் எல்லா முயற்சிகளுக்கும் விரித்தனர். பதினொருவரும் பிடிக்கக்கூடிய எண்களை அணிந்து பரந்து நின்றனர். அணிவகுப்பு நிலைபெறும் வரை யார் பிடிப்பவன், யார் பிடிக்கலாகாதவன் என்பது எதிரிக்குத் தெரியாது. உடல்வலி குறைந்த சிறிய பாடசாலைக்கு அது பெருந்துணையாயிற்று. விலக்கு உதைப்பதற்கென வகுக்கப்பட்டது, மத்தியஸ்தருக்கும் ஆட்டத்தைத் தொடர்வது கடினமாகும் என்றெல்லாம் மறுப்போர் கூறலாம். முதலாவது வாதம் விதியின் எழுத்தை விட்டு அதன் கருத்தைப் பிடிப்பது; அதிலே வலுவுண்டு. இரண்டாவதற்கு நான் இரங்கமாட்டேன். பிள்ளைகள் பொய்யுரைக்கவில்லை, எதையும் ஒளிக்கவில்லை, யாவும் மைதானத்திலே, எல்லார் கண்முன்னும் நின்றன. எண்ணிப் பார்க்கத் தெரிந்தவன் கண்டுகொள்ளலாம். தாங்கியைத் தேடுபவனுக்கு இட்ட தடையை அப்படியே வைத்துக்கொண்டு, இத்தடையைச் சம்மேளனம் மீண்டும் ஆராயலாம். விலக்கை முற்றாக அடைக்காமல், ஓர் ஆட்டத்தில் இத்தனை முறை என வரையறுத்தேனும் திருப்பிக் கொடுக்கலாம்.