தோழியிடமே கேட்கலாம்

சங்க அகப்பாடல்களில் காதலிப்பவர்களுக்கு ஒரு துணை உண்டு. தலைவிக்குத் தோழி, தலைவனுக்குப் பாங்கன். தொல்காப்பியம் தோழியைச் செவிலித்தாயின் மகள் என்கிறது. கூடவே வளர்ந்தவள், ஆனால் அந்தக் காதலுக்கு வெளியே நிற்பவள். இன்று பலருக்கு நேர்வது வேறு. எதையும் முதலில் போய்ச் சொல்லும் அந்தத் தோழிமீதே, அந்தத் தோழன்மீதே மனம் சாய்ந்துவிடுகிறது. வேலையை விடலாமா, அப்பாவிடம் என்ன சொல்வது என்று எல்லாவற்றுக்கும் யாரிடம் யோசனை கேட்டோமோ, அவரிடம் இதை மட்டும் கேட்க வாய் வருவதில்லை.

நம் சினிமாவும் இங்கே கைகொடுக்கவில்லை. 1990-இல் வந்த ‘புது வசந்தம்’ படத்தில் ஒரு பெண்ணோடு ஒரே கூரையின்கீழ் தோழர்களாக வாழும் இளைஞர்களில் ஒருவராக நடித்தார் முரளி. அடுத்த ஆண்டே ‘இதயம்’ படத்தில், காதலைச் சொல்லாமலே நெஞ்சில் சுமக்கும் மாணவரானார். களங்கமில்லாத நட்பு ஒரு பக்கம், உயிரை வாங்கும் காதல் மறுபக்கம். நடுவில் இருவர் நிதானமாகப் பழகிப் பார்க்கும் காலம் ஒன்று உண்டே, அதை நாம் அதிகம் பார்த்ததில்லை. அதனால்தான் ‘ஃப்ரெண்டு’ என்பதற்கு அடுத்த படியாகக் கல்யாணப் பேச்சே வந்து நிற்கிறது.

என்னை அக்கா என்று அழைக்கும் பெண்ணொருத்தி இருக்கிறாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஞாயிறு காலைகளில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பறவை பார்க்கப் போகும் கூட்டத்தில் ஒருவன் அறிமுகமானான். ஒரே பைனாகுலரை மாற்றி மாற்றிக் கண்ணில் வைத்து, நாமக்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் வித்தியாசம் கற்றுக்கொண்ட சிநேகம். ஒருநாள் நடை முடிந்து டீக்கடையில் நிற்கும்போது அவன் சொன்னானாம்: “எனக்கு உன்ன வேற மாதிரியும் பிடிக்க ஆரம்பிச்சிருக்கு. என்ன பண்றதுன்னு தெரியல, எப்பவும் உங்கிட்டதானே கேப்பேன், அதான் கேக்குறேன். உனக்கு அப்படித் தோணலன்னா, அடுத்த ஞாயிறு எப்பவும் போல வருவேன்.”

எனக்கு அந்தப் பையன்மீது மரியாதை வந்தது அந்த இடத்தில்தான். அவன் காதலை அறிவிக்கவில்லை; யோசனை கேட்டான். நடுவில் ஒரு நண்பனைத் தூது விடவில்லை. பிறந்தநாள் கேக்கைச் சுற்றிப் பத்துப் பேர் கைதட்ட நிற்கும்போது மண்டியிடவில்லை. பகல் வெளிச்சம், பொது இடம், அவள் வந்த ஸ்கூட்டி பக்கத்திலேயே நிற்கிறது. பிடிக்கவில்லையென்றால் சாவியைத் திருகிக் கிளம்பிவிடலாம். இரவு ஒன்பதரைக்குக் கேட் மூடும் விடுதிக்கு அவன் வண்டியில்தான் திரும்ப வேண்டும் என்கிற நிலையில் கேட்டிருந்தால், அவள் வாயில் வரும் ‘சரி’க்கு என்ன பொருள்?

‘முடியாது’ என்று சொன்ன பிறகு ஒரு பெண் எதையெல்லாம் இழக்கிறாள் என்று ஆண்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். “ஃப்ரெண்டுதாம்மா” என்று வீட்டில் சத்தியம் பண்ணி வாங்கிய நம்பிக்கை போகிறது. அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் கூட்டத்திலிருந்து விலகுவது பெரும்பாலும் அவள்தான். அவளுடைய ஞாயிறும் பறவைகளும் போய்விடுகின்றன. அலுவலகத்தில், தனக்குக் கீழே வேலை செய்யும் பெண்ணிடம் இதைக் கேட்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அவளால் விலகவும் முடியாது.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியாது. 2015-இல் திருச்செங்கோடு கோயிலில் வேறு சாதித் தோழி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞர், அங்கிருந்து கடத்திக் கொல்லப்பட்டார். 2022-இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. நட்பாகத் தோன்றினாலும் காதலாகத் தோன்றினாலும் சாதிவெறிக்கு ஒன்றுதான். இந்த ஊரில் இருவர் சத்தமில்லாமல், கூட்டத்துக்குச் சொல்லாமல் பழகிப் பார்க்க விரும்பினால் அதைக் கள்ளத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்தப் பெண் அன்று பதில் சொல்லவில்லை. அவன் சொன்னபடியே அடுத்த ஞாயிறு வந்தான், எப்போதும் போலப் பேசினான், எதையும் நினைவூட்டவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. பிறகு அவளேதான், “நாம ரெண்டு பேர் மட்டும் ஒருநாள் சாப்பிடப் போலாமா?” என்று கேட்டிருக்கிறாள்.

போய் வந்த மறுநாள் என்னிடம், “அவனப் பத்தித்தான் எல்லாம் தெரியுமேக்கா, வீட்ல சொல்லிடவா?” என்றாள். எனக்கு ‘ஓ மை கடவுளே’ (2020) நினைவுக்கு வந்தது. நல்ல நண்பர்கள், யோசிக்காமல் கல்யாணம் செய்துகொண்டு விவாகரத்து கேட்டு நிற்கும் கதை. நண்பனாக ஒருவனைத் தெரிவது வேறு. கடன் வாங்குவானா, அம்மாவை எதிர்த்துப் பேசுவானா, நீ இன்னொரு நண்பனோடு சிரித்தால் அவன் முகம் என்ன ஆகும் என்பதெல்லாம் ஞாயிறு நடையில் தெரியாது.

“அவனுக்குக் கோபம் வந்து பாத்திருக்கியா?” என்று கேட்டேன்.

யோசித்துவிட்டு, “இல்லக்கா” என்றாள்.

“அப்ப வீட்ல சொல்ல அவசரமில்ல. இன்னும் நாலஞ்சு மாசம் பழகிப் பாருங்க.”