மூளையைக் கழற்றி எங்கே வைப்பது?

"ஜாலிப் படம்டா. லாஜிக் பார்க்காம பாரு."

2017இல் 'கிங்ஸ்மேன்: த கோல்டன் சர்க்கிள்' பார்க்கப் போனபோது, டிக்கெட் எடுத்துக் கூட்டிப்போன நண்பன் இருக்கையில் உட்கார்ந்ததும் காதில் ஓதிய மந்திரம் இது. அவன் மட்டுமா சொல்கிறான்? கோட்டு சூட்டு போட்ட உளவாளி குடையை விரித்துக்கொண்டு சண்டை போடும் படம் என்றால், மூளையைக் கழற்றிச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வரவேண்டும் என்று ஊரே கூடித் தீர்மானம் போட்டு வைத்திருக்கிறது. வாய் திறந்து ஒரு குறை சொன்னால், "இது என்ன டாக்குமெண்டரியா?" என்று பாய்வார்கள்.

எனக்கு இதில் ஒரு சொல்கூட உடன்பாடில்லை. அழவைக்கும் படத்தில் லாஜிக் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால்கூடத் தப்பித்துக்கொள்ளலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பவன் கணக்குப் பார்ப்பதில்லை. சிரிக்க வைக்கும் படத்தில், அதிலும் ஸ்டைலாகச் சுட்டுத் தள்ளிச் சிரிக்க வைக்கும் படத்தில், அது துல்லியமாக இருந்தாக வேண்டும்.

விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். முருங்கை மரத்தில் பிணம் தொங்குகிறது, அதற்குள் வேதாளம், அது ராஜாவின் தோளில் கிடந்தபடி கதை சொல்கிறது. 'பிணம் பேசுமா?' என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. ஆனால் ராஜா வாய் திறந்தால் வேதாளம் மறுபடி மரம் ஏறிவிடும் என்பது ஏற்பாடு. பாட்டி தூக்கக் கலக்கத்தில், ராஜா பதில் சொன்ன பிறகும் வேதாளம் தோளிலேயே கிடந்தது என்று சொல்லிப் பார்க்கட்டும். ஆறு வயதுப் பிள்ளை எழுந்து உட்கார்ந்து 'அதெப்படி?' என்று கேட்கும். 'நிஜத்தில் இது நடக்குமா?' என்பது வேறு. 'நீ சொன்ன கதைப்படி இது செல்லுமா?' என்பது வேறு. நம் ஆட்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தெருவில் வீசிவிடுகிறார்கள்.

மார்க் மில்லரும் டேவ் கிப்பன்ஸும் உருவாக்கிய காமிக்ஸிலிருந்து மாத்யூ வான் எடுத்த முதல் பாகம் 2015இல் திரையரங்குகளுக்கு வந்தது. நடக்கவே நடக்காத சங்கதிகள் அதில் கொட்டிக் கிடந்தன. லண்டன் சாவில் ரோவில் ஒரு தையற்கடை. உடைமாற்றும் அறைதான் உளவு அமைப்புக்கு வாசல். தோட்டாவைத் தடுக்கும் குடை. கால்களுக்குப் பதில் கத்திகள் பொருத்திய கொலைகாரி. ஊருக்கெல்லாம் இலவச சிம் கார்டு கொடுத்து, அதன் வழியே மனிதர்களை ஒருவரை ஒருவர் கொல்ல வைக்கப் பார்க்கும் கோடீஸ்வரன். யாராவது முகம் சுளித்தோமா? இல்லை. ஏனென்றால் ஒவ்வொன்றையும் முன்கூட்டிக் காட்டி, விலையைச் சொல்லி, பிறகுதான் விற்றார்கள்.

அந்தப் படத்தின் உயிர்நாடி கென்டகியில் ஒரு தேவாலய வாசலில் இருக்கிறது. எக்ஸி என்ற சேரிப் பையனைக் கைப்பிடித்துக் கூட்டிவந்த குருநாதர் ஹாரி ஹார்ட்; வேடம் கோலின் ஃபர்த். வில்லன் வேலன்டைனும் அவரும் அதற்கு முன்பே ஒருநாள் வெள்ளித் தட்டில் பர்கர் வைத்துச் சாப்பிட்டபடி பழைய உளவுப் படங்களைப் பற்றிக் கதை பேசியிருக்கிறார்கள். இப்போது வாசலில் நேருக்கு நேர். பழைய படமாயிருந்தால் வில்லன் தன் திட்டத்தை விலாவாரியாக விளக்குவான், ஹீரோவைக் கொல்ல எதையாவது சுற்றி வளைத்துச் செய்வான், ஹீரோவும் தப்பிப்பான். இது அந்த மாதிரிப் படம் இல்லை என்கிறான் வேலன்டைன். சொல்லி முடித்ததும் தலைக்கு நேரே வைத்துச் சுட்டுவிடுகிறான். ரத்தத்தைப் பார்த்தாலே குமட்டும் ஆசாமி அவன். எக்ஸி அதைத் தொலைவிலிருந்து கணினித் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறான். நாமும்தான்.

அது வெறும் அதிர்ச்சிக் காட்சி இல்லை, ஒப்பந்தம். இங்கே செத்தால் செத்ததுதான் என்று படம் நம்மிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அதனால்தான் அதற்குப் பிறகு எக்ஸி எடுத்த ஒவ்வொரு அடிக்கும் நமக்கு வயிறு கலங்கியது. கடைசியில் வேலன்டைன் விழும்போது அதே வாக்கியம் திரும்பி வந்ததும் தியேட்டர் கைதட்டியது.

இரண்டரை வருடம் கழித்து வந்த இரண்டாம் பாகத்தின் போஸ்டரிலேயே ஹாரி நிற்கிறார். ஒரு கண் இல்லை, மற்றபடி சௌக்கியம். அமெரிக்காவில் 'ஸ்டேட்ஸ்மேன்' என்று இன்னொரு உளவு அமைப்பு இருக்கிறதாம், விஸ்கி காய்ச்சும் ஆலைக்குள். தலையில் குண்டு பாய்ந்தவரையும் பிழைக்க வைக்கும் ஒரு ஜெல் அவர்களிடம் உண்டாம். தேவாலய வாசலில் கிடந்த ஹாரியை அவர்கள்தான் வந்து தூக்கிப் போனார்களாம்.

நண்பனிடம் கேட்டால், "காத்தில பறக்கிற கார் மாதிரி இதுவும் ஒரு கருவிதானே?" என்பான். இல்லை. கார் பறந்தால் கார் மட்டும்தான் பறக்கிறது. இந்த ஜெல் வந்ததும் முந்தைய படம் முழுக்கப் பின்னோக்கிக் கரைகிறது. எக்ஸி அழுத அழுகை வீண், நாம் பட்ட பாடு வீண். அதோடு போனதா? இனி யார் தலையில் யார் சுட்டாலும் அது கன்னத்தில் விட்ட அறைதான். சந்தேகம் இருந்தால் அதே படத்தைப் பாருங்கள்: இத்தாலியில் பனிமலை மேல் ஹாரியே தன்னோடு வந்த அமெரிக்க உளவாளி விஸ்கியின் தலையில் சுடுகிறார். எக்ஸி பதறிப்போய் ஜெல்லை எடுக்கிறான், ஆள் பிழைக்கிறான். ஹாரியின் சந்தேகம் சரிதான் என்று பிற்பாடு தெரியவரும்போது, அது நல்ல திருப்பமாக வந்திருக்க வேண்டியது. ஆனால் துப்பாக்கி வெடித்தபோது என் இமைகூட அசையவில்லை.

இறந்தவர் திரும்பி வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஷெர்லாக் ஹோம்ஸையே கோனன் டாயில் 1893இல் அருவியில் தள்ளிவிட்டுப் பத்து வருடம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தார். ஆனால் அவர் ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தார்: உடலை யாரும் பார்க்கவில்லை. இவ்வளவு தூரம் போவானேன், 'கோல்டன் சர்க்கிள்' படத்திலேயே இன்னொருவனும் திரும்பி வருகிறான். முதல் பாகத்தில் எக்ஸியோடு போட்டியிட்டுத் தோற்று, வேலன்டைன் பக்கம் போன சார்லி. முதல் பாகத்தின் முடிவில் வேலன்டைன் ஆட்களின் தலைக்குள் வைத்த சில்லுகளால் தலைகள் எல்லாம் வாணவேடிக்கையாக வெடித்தபோது இவன் தலை மட்டும் ஏன் வெடிக்கவில்லை? அதற்குச் சற்று முன்புதான் எக்ஸி தன் மோதிரத்தால் அவனுக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்திருந்தான். அதில் அவன் தலைக்குள் வைத்த சில்லு கெட்டுப்போனது. முதல் பாகத்திலேயே கண்ணெதிரே கிடந்த விஷயம். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. ஒரே படம், ஒரே இயக்குநர், இரண்டு உயிர்த்தெழுதல். ஒன்று செல்லுகிறது, மற்றது செல்லாத நோட்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹாரி திரும்பி வரும்போது நினைவு தப்பியவராக வருகிறார். தன்னை வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சிக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எத்தனையோ வைத்தியம் பலிக்காமல், எக்ஸி ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி அதைச் சுடப்போவதாக மிரட்டுகிறான். சடாரென்று எல்லாம் நினைவுக்கு வருகிறது. முதல் பாகத்தில் கிங்ஸ்மேன் ஆக வேண்டுமானால் தான் வளர்த்த நாயைச் சுட வேண்டும் என்ற கடைசிப் பரீட்சை இருந்ததே, அந்த முடிச்சு இங்கே அவிழ்கிறது. பிறகு மதுக்கடைச் சண்டை. முதல் பாகத்தில் கதவைத் தாழிட்டு, மரியாதை பற்றிப் பாடம் எடுத்துவிட்டு அடித்து நொறுக்கியவர், இங்கேயும் அதே போலத் தாழிடுகிறார், அதே பாடம் எடுக்கிறார், கோப்பையை வீசுகிறார், குறி தவறுகிறது. ஒற்றைக் கண் மனிதனுக்கு இலக்கு எப்படிச் சரியாக அமையும்? நான் வாய்விட்டுச் சிரித்த இடம். என் நண்பனும்தான் சிரித்தான், மூளையைக் கழற்றி வைத்தவன்! முந்தைய படத்தின் கணக்கை அவன் தலை எங்கேயோ எழுதி வைத்திருக்காவிட்டால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்திருக்கும்?

படத்தைத் திட்டியவர்களில் பலர் தப்பான இடத்தில் திட்டினார்கள். கம்போடியக் காட்டுக்குள் 1950களின் அமெரிக்கத் தெருவைக் கட்டி வைத்திருக்கும் போதைமருந்து ராணி பாப்பி, இயந்திர நாய்கள், ஆளை அரைத்துச் சுட்ட பர்கர், கடத்தி வைக்கப்பட்ட பாடகர் எல்டன் ஜான் என்று எல்லாம் மிதமிஞ்சிப் போயிற்றாம். போகட்டுமே! ஜூலியன் மூர் சிரித்த முகம் மாறாமல் செய்யும் அட்டூழியங்கள் எனக்கு அலுக்கவே இல்லை. அவள் திட்டமும் கெட்டியானது. போதைமருந்தில் விஷம் கலந்துவிட்டு, அதைச் சட்டபூர்வமாக்கினால்தான் மாற்று மருந்து என்று பேரம் பேசுகிறாள். அமெரிக்க அதிபரோ, போதைக்காரர்கள் ஒட்டுமொத்தமாகச் செத்தொழிந்தால் நல்லதுதானே என்று உள்ளூர மகிழ்கிறார். பாதிக்கப்பட்டவர்களைக் கூண்டு கூண்டாக விளையாட்டு மைதானத்தில் அடுக்குகிறார்கள்; அந்த வரிசையில் அதிபரின் சொந்த உதவியாளரே மாட்டுகிறார். எவ்வளவு அபத்தம், எவ்வளவு கச்சிதம்!

"வசூல் என்ன குறைஞ்சா போச்சு?" என்று கேட்பார்கள். குறையவில்லை, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பாகமும் உலகெங்கும் தலா ஏறத்தாழ 41 கோடி டாலர். ஆனால் வசூலை வைத்து லாஜிக்கை அளப்பவர்களுக்கு ஜேம்ஸ் பாண்டின் கதை தெரியவேண்டும். 2002இல் வந்த 'டை அனதர் டே' படத்தில் கண்ணுக்கே தெரியாத கார் ஓட்டினார்கள். அதுவரை வந்த பாண்ட் படங்களில் அதிக வசூல் அதுதான். கல்லாப்பெட்டி நிரம்பியும், தயாரிப்பாளர்கள் நாலு வருடம் கழித்து 'கேசினோ ராயல்' எடுத்தபோது ஆளை மாற்றி, பாண்டின் கதையை முதலிலிருந்து தொடங்கினார்கள். அடித்தால் வலிக்கிற, ரத்தம் வருகிற பாண்ட்.

சிரிப்புக்குத் துல்லியம் தேவை என்பதற்கு ஊமைப் படக் காலத்துச் சாட்சி பஸ்டர் கீட்டன். 1928இல் 'ஸ்டீம்போட் பில், ஜூனியர்' படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுசாக அவர்மேல் சாய்கிறது. மாடி ஜன்னலின் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து இறங்க, அவர் நின்றபடி நிற்கிறார். சுவர் நிஜம், இடைவெளி சில அங்குலம். காலை ஓர் அடி தள்ளி வைத்திருந்தால் நகைச்சுவை நடிகர் போயே போயிருப்பார். அட்டைச் சுவர் என்று நமக்குத் தெரிந்துவிட்டால் அந்தக் காட்சியில் சிரிக்க என்ன இருக்கிறது?

'கோல்டன் சர்க்கிள்' நிறைய அட்டைச் சுவர்களைச் சாய்க்கிறது. முதல் பாகத்தில் எக்ஸியோடு தோள்சேர நின்ற ராக்ஸி, ஒரு ஏவுகணையில் போய்விடுகிறாள். எக்ஸியின் நாய் போகிறது, அதைப் பார்த்துக்கொள்ள வந்த சிநேகிதனும் போகிறான். அந்தச் சிநேகிதனுக்காகப் படம் ஒரு நிமிடம்கூட நின்று மூச்சுவிடவில்லை. இதற்கு அவசரம் மட்டும் காரணமில்லை. சாவுக்கு மதிப்பில்லாத ஊரில் துக்கம் கேட்க யார் போவார்கள்?

அப்புறம் எக்ஸியின் சகா மெர்லின். இரண்டு பாகத்திலும் மார்க் ஸ்ட்ராங் கட்டிக் காத்த பாத்திரம். பாப்பியின் கோட்டையைச் சுற்றிக் கண்ணிவெடி. எக்ஸி ஒன்றின்மேல் கால் வைத்துவிடுகிறான். மெர்லின் அதைக் கொஞ்ச நேரத்துக்கு உறைய வைத்து, அவனைத் தள்ளிவிட்டுத் தான் ஏறி நின்றுகொள்கிறார். காவலர்கள் நெருங்கி வரட்டும் என்று ஜான் டென்வரின் கிராமியப் பாட்டு ஒன்றை உரக்கப் பாடுகிறார். ஹாரியும் எக்ஸியும் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார்கள். குரல் ஓங்குகிறது, வெடிக்கிறது. நன்றாக எழுதி, நன்றாக நடித்த காட்சி. எந்தப் படத்தில் வந்திருந்தாலும் நெஞ்சை அடைத்திருக்கும். எனக்கும் ஒரு கணம் அடைத்தது.

பக்கத்து இருக்கையில் நண்பன் பாப்கார்ன் டப்பாவின் அடியைத் துழாவிக்கொண்டிருந்தான். திரையில் புகை அடங்குவதற்குள் என் பக்கம் சாய்ந்து சொன்னான்: "கவலைப்படாத, அடுத்த பார்ட்ல வந்துருவாரு."