கடை திறந்துதான் இருக்கிறது, போனில்தான் மூடிவிட்டார்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கடைசி பெஞ்சுக்காரர்களும் முழுதாகப் படித்துவிட வேண்டும்!

ஆடிப்பூரத்துக்கு முந்தின வாரம் கோயம்புத்தூரிலிருந்து என் தங்கை மகள் குடும்பத்தோடு காரில் வந்தாள். "வர்ற வழியில ஸ்ரீவில்லிபுத்தூர்ல நம்ம பையன் கடையில ரெண்டு கிலோ பால்கோவா வாங்கிட்டு வாம்மா" என்று சொல்லியிருந்தேன். பையன் என்றால் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். இப்போது அவனுக்கே நரை விழுந்துவிட்டது. ராஜபாளையம் வந்து இறங்கியவள் கையில் வேறு கடைப் பெட்டி. "மாமா, அந்தக் கடைய நிரந்தரமா மூடியாச்சுன்னு போன்ல போட்டிருக்கு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் காலையில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். கடை திறந்திருக்கிறது, அடுப்பில் பால் சுண்டிக்கொண்டிருக்கிறது. "கடை தெறந்துதான் இருக்கு சார், போன்லதான் மூடிட்டாங்க" என்று சிரித்தான். சிரிப்பில் சுரத்து இல்லை.

நடந்தது இதுதான். கட்டடக்காரர் இடம் கேட்டதால் இரண்டு மாதம் முன்பு பக்கத்துத் தெருவுக்குக் கடையை மாற்றியிருக்கிறான். பழைய இடத்தில் பூட்டைப் பார்த்த யாரோ போனில் 'மூடப்பட்டது' என்று தட்டிவிட்டார். உள்ளூர்க்காரர்கள் விசாரித்து வந்துவிடுகிறார்கள். வெளியூர் கார்கள் வரவில்லை. பால்கோவாவுக்கு வெளியூர்க்காரர்தானே வியாபாரம்? "யாருக்குப் போன் போட்டுச் சொல்றதுன்னு தெரியல சார்" என்றான்.

அந்த ஒரு கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. எந்தச் செயலி என்பது முக்கியமில்லை. ஏன் யாருக்கும் போன் போட முடியவில்லை என்பதுதான் முக்கியம்.

வெயில் காலத்தில் நம் ஊரில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்கள். தண்ணீர் இலவசம், பந்தலில் போட்டவர் பெயர் இருக்கும். மோர் புளித்தால் சண்டை போட முடியாது. வீட்டுக்கு வரும் கேன் தண்ணீர் அப்படியில்லை. காசு கொடுக்கிறோம், தண்ணீர் கலங்கலாக இருந்தால் போன் போட்டுத் திட்டலாம். வரைபடத்திலும் இந்த இரண்டு வகை உண்டு. 2005இல் வந்த கூகுள் மேப்ஸ் நமக்கெல்லாம் பந்தல் தண்ணீர். 1995இல் டெல்லியில் தொடங்கிய மேப்மைஇந்தியா பெரும்பாலும் கேன் தண்ணீர்; கார் கம்பெனிகளுக்கும் மற்ற நிறுவனங்களுக்கும் வரைபடம் விற்றே வளர்ந்தது.

பந்தல்காரரும் கேன் விற்கத் தொடங்கினார். நமக்கு இலவசம்தான், ஆனால் கூகுள் வரைபடத்தைத் தங்கள் செயலிக்குள் வைத்திருக்கும் நிறுவனங்கள் காசு கட்ட வேண்டும். 2018இல் அந்தக் கட்டண முறை இன்னும் இறுக்கமானது. எல்லாருக்கும் பழகிய வரைபடம் என்பதால் நிறுவனங்களும் அதையே வாங்கின. கேன்காரர் சும்மா இருப்பாரா? மேப்மைஇந்தியாவும் மேப்பிள்ஸ் என்ற பெயரில் நமக்கு இலவசச் செயலி கொடுக்கிறது. 2025 அக்டோபரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவே அதைக் காரில் பயன்படுத்திக் காட்டிப் பாராட்டினார்.

இந்தப் போட்டியால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். 2024 ஜூலையில் ஓலா நிறுவனம் கூகுள் வரைபடத்தை விட்டு விலகியது. ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் செலவு மிச்சம் என்றது. தன் வரைபடத்தை மற்றவர்களுக்கும் ஓராண்டு இலவசம் என்று அறிவித்தது. அதே மாதம் கூகுள் இந்தியாவில் தன் கட்டணத்தை 70 சதவீதம் வரை குறைப்பதாகச் சொல்லி, ஆகஸ்ட் 1 முதல் அமல்படுத்தியது. இது தற்செயலா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

"கூகுள்தானே சார் நல்லா தேடித் தருது?" என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான். நிறையப் பேர் பயன்படுத்துவதால் நிறையப் பேர் திருத்துகிறார்கள். அதனால் இன்னும் நிறையப் பேர் வருகிறார்கள். அதேதான் என் பயமும். ஊரே ஒரே பந்தலை நம்பியிருந்தால், அங்கே எழுதியதுதான் உண்மை என்றாகிவிடும். உள்நாட்டு நிறுவனம் என்பதற்காக மட்டும் நான் மாற்றுச் செயலியைச் சொல்லவில்லை. இரண்டாவது கடை இருந்தால்தான் முதல் கடைக்காரர் நம் பேச்சைக் கேட்பார்.

வகுப்பில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? 1802இல் லாம்டன் சென்னை பரங்கிமலைப் பக்கம் சங்கிலி பிடித்து அளந்துதான் இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அன்று முதல் வரைபடம் சர்க்கார் சமாச்சாரமாகவே இருந்தது. இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமல் வரைபடம் தயாரிக்கலாம் என்ற விதி 2021 பிப்ரவரியில்தான் வந்தது. இத்தனை காலம் கழித்துத் திறந்த கதவு. ஒருவர் மட்டும் நுழைவதற்கா?

என் வேண்டுகோள் மூன்றுதான்.

கடை, கிளினிக், டியூஷன் சென்டர் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே உங்கள் பெயரைப் போனில் தேடிப் பாருங்கள். உரிமையாளர் என்று பதிவு செய்து பெயர்ப் பலகை, நேரம், போன் நம்பர் எல்லாவற்றையும் சரிபார்த்து வையுங்கள். ஒரே செயலியோடு நிறுத்தாதீர்கள்.

பெங்களூரிலும் சென்னையிலும் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் பிள்ளைகளே, நீங்கள் எழுதும் செயலியில் ஒரு வரைபடத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை மாட்ட வழி வையுங்கள். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் இருக்கிறது. விக்கிபீடியா மாதிரி யார் வேண்டுமானாலும் திருத்தலாம். லீவில் வரும்போது உங்கள் தெருவையாவது அதில் சேர்த்துவிட்டுப் போங்கள்.

மூன்றாவது எல்லாருக்கும். பூட்டைப் பார்த்ததும் 'மூடப்பட்டது' என்று தட்டிவிடாதீர்கள். பக்கத்து டீக்கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள். பூட்டுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் சாப்பாடு இருக்கிறது.

நம் பையன் கடை இப்போது போனிலும் திறந்துவிட்டது. பெங்களூரில் இருக்கும் இன்னொரு பழைய மாணவன் ராத்திரி உட்கார்ந்து, வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி, சரி செய்து கொடுத்தான். ஆனால் அதற்குள் ஆடிப்பூரத் தேர் ஓடி முடிந்திருந்தது.

உங்கள் கடைக்கோ தெருவுக்கோ இப்படி நேர்ந்திருந்தால் கீழே எழுதுங்கள். விவரம் தெரிந்த பிள்ளைகள் இந்தப் பக்கத்திலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் புவியியல் சார்