படர்தாமரையும் பாராமுகமும்

தேசத்தின் பெயர் உலகத்தார் நாவில் வழங்குவது பெருமைக்குரிய விஷயந்தான். ஆனால் ஒரு தோல் வியாதிக் காளானின் பெயரில் அது ஏறிவிட்டால் அதைப் பெருமையென்று யார் கொள்வார்? 2020-ஆம் வருஷத்தில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், தங்கள் நாட்டில் வசித்த இந்தியர் ஒருவரிடமும் நேபாளியர் ஒருவரிடமும் கண்ட படர்தாமரைக் காளானைப் புதிய இனமென்று நிர்ணயித்து, ‘டிரைக்கோபைட்டன் இந்தோட்டினியே’ என்று அதற்கு நாமகரணம் செய்தார்கள். இந்நோய்க்கு முதன்மையாக வழங்கப்பட்டு வந்த டெர்பினாபின் என்னும் மருந்துக்கு இக்காளான் எளிதில் மசிவதில்லை. 2023-இல் நியூயார்க் நகரில் இருவரிடம் இது காணப்பட்டதாக அமெரிக்க சுகாதார அதிகாரிகள் அறிவித்தார்கள். அவ்விருவரில் ஒருவர் அண்மையில் வெளிநாடு எதற்கும் போனவரல்லர். பெயரைக் குறித்து ரோஷப்படுவோர் ரோஷப்படட்டும். இந்நோய் நமது நாட்டில் இவ்வளவு பலம் பெற்றது எவ்வாறு என்பதே நமது கேள்வி.

படர்தாமரை உயிரைக் குடிக்கும் வியாதியன்று. அதனாலேயே அதை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அடுப்படியின் வெப்பத்திலும் ஆலையின் புழுக்கத்திலும் வியர்வை ஊற உழைப்பவரைக் கேட்டால் அதன் கொடுமை தெரியும். இரவில் தூக்கமில்லை, பகலில் நாலு பேர் நடுவே நிற்க முடியவில்லை. ஒருவர் துண்டை மற்றொருவர் உபயோகிக்கும் வீட்டில் அது தாயிடமிருந்து குழந்தைக்கும் அண்ணனிடமிருந்து தம்பிக்கும் பரவுகிறது. வந்த இடத்தை வைத்தியரிடம் காட்ட வெட்கப்பட்டு, நோயாளி மருந்துக் கடைக்குச் செல்கிறார். கடைக்காரர் ஒரு களிம்பை எடுத்துக் கொடுக்கிறார்.

அந்தக் களிம்பில் என்ன இருக்கிறது? காளானை ஒழிக்கும் மருந்து ஒன்று. பாக்டீரியாக்களைக் கொல்லும் மருந்து ஒன்று. இவற்றோடு க்ளோபெட்டாசால் போன்ற கடுமையான ஸ்டிராய்டு. தடவிய இரண்டொரு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். ‘கைகண்ட மருந்து’ என்று நோயாளி அண்டை வீட்டாருக்கும் சிபாரிசு செய்வார். உண்மையில் அடங்கியது நோயன்று. நோயை எதிர்க்கும் தேகத்தின் சக்தியே அடங்கியது. வீட்டில் திருடன் நுழைந்தபோது, குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டுத் தூங்கப் போவதற்கு ஒப்பானது இது. களிம்பை நிறுத்தினால் வியாதி முன்னிலும் மும்மடங்காய்ப் பரவும். மாதக்கணக்கில் தடவினாலோ தோல் மெலிந்து, ஆறாத வரிகள் விழும். வட்டமான அடையாளம் அழிந்துபோவதால் தேர்ந்த வைத்தியரும் இன்ன நோயென்று அறியத் திகைக்கிறார்.

ஸ்டிராய்டை நாம் தூஷிக்கவில்லை. கரப்பான் போன்ற வேறு சில தோல் வியாதிகளுக்கு, வைத்தியர் பார்வையில் அது நல்ல மருந்தே. படர்தாமரைக்கு அதைக் கடையில் தாராளமாக விற்பதுதான் அக்கிரமம்.

படர்தாமரைக்கு உரிய மருந்துகள் இல்லாமலில்லை. காளானின் உயிரணு உறைக்கு இன்றியமையாத எர்கோஸ்டெரால் என்ற பொருளை உண்டாகவிடாமல் தடுப்பவை க்ளோட்ரிமசோல் முதலிய களிம்புகள். அவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலிலும் க்ளோட்ரிமசோல் களிம்பு இருக்கிறது. ஆனால் இவற்றுக்குப் பொறுமை வேண்டும். படையின் விளிம்புக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை தடவவேண்டும். அடையாளம் மறைந்த பின்னும் இரண்டு வாரம் விடாமல் தடவவேண்டும். நகத்தில் புகுந்துவிட்டாலோ சோதனை பெரிது. கால் பெருவிரல் நகம் முழுதும் புதிதாக வளர 12 முதல் 18 மாதம் பிடிக்கும். பூசும் மருந்து கெட்டியான நகத்தை ஊடுருவுவதும் கடினம். எபினகோனசோல் என்ற நகப்பூச்சை 48 வாரம் நாள்தோறும் பூசிய பரீட்சைகளிலும் நூற்றுக்குச் சுமார் 15 முதல் 18 பேரே பூரண குணமடைந்தனர். எனவே முற்றிய நகநோய்க்குப் பெரும்பாலும் உட்கொள்ளும் மருந்து வேண்டியிருக்கிறது. இரண்டே நாளில் குணமென்று வாக்களிப்பவன் ஏமாற்றுகிறான் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. பயனற்ற கூட்டு மருந்துகள் 344-ஐ மத்திய சர்க்கார் 2016-இல் தடுத்தார்கள். விஷயம் நீதிமன்றம் ஏறியது. மறுபரிசீலனைக்குப் பின் 2018 செப்டம்பரில் 328 மருந்துகள் தடுக்கப்பட்டன. இத்தகைய களிம்புகள் சிலவும் அவற்றுள் அடக்கம். அதே வருஷத்தில், பல ஸ்டிராய்டு களிம்புகளை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாது என்று ‘எச்’ அட்டவணையிலும் சேர்த்தார்கள். சர்மரோக வைத்தியர்களின் அகில இந்திய சங்கம் இதற்காகத் தனிக் குழு அமைத்துப் பாடுபட்டது. ஆயினும் சீட்டுக் கேளாமல் களிம்பைக் கொடுக்கும் கடைகள் இன்றும் இருக்கின்றன. கெஜட்டில் அச்சிட்ட சட்டம் கடைவீதிக்கு வந்து சேராவிடில் யாருக்கு என்ன லாபம்?

‘வைத்தியரைத் தேடிப் போக ஏழைக்கு வசதி ஏது? சட்டத்தை இறுக்கினால் அவனுக்கு உள்ளதும் போகும்’ என்று சிலர் வாதிக்கலாம். வாதத்தின் முற்பாதி நியாயமானது, பிற்பாதி அநியாயமானது. ஏழைக்கு வைத்தியர் இல்லை என்பது அவனுக்கு நல்ல மருந்தை அருகில் கொண்டு வருவதற்குக் காரணமேயன்றி, கெட்ட மருந்தை விற்பதற்கு அனுமதியன்று. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஸ்டிராய்டு கலவாத களிம்பு தடையின்றிக் கிடைக்கட்டும். தடவும் முறையைச் சொல்லிக் கொடுக்க ஒருவர் இருக்கட்டும். மருந்துப் பரிசோதகர்கள் கடைகளில் நுழைந்து பார்க்கட்டும். களிம்புக் குழாயின்மேல் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் உள்ள எச்சரிக்கை, வாங்குபவர் தாய்மொழியில் பெரிதாய் அச்சாகட்டும். சோம்பலால் கூட்டுக் களிம்பு எழுதிக் கொடுக்கும் வைத்தியர்களும் தங்கள் பொறுப்பை உணரட்டும்.

பொதுஜனங்களுக்கும் கடமை உண்டு. வாங்கும் களிம்பில் ஸ்டிராய்டு உண்டா என்று கேளுங்கள்; தொண்டர்கள் தங்கள் வட்டாரத்தில் இதை எடுத்துச் சொல்லுங்கள். கூசி மறைத்த நோயே வளர்ந்து, இன்று கடல் கடந்து நம் தேசத்தின் பெயரைச் சுமந்து நிற்கிறது. பெயரை இனி மாற்ற முடியாமற் போகலாம். நோயை அடக்குவது நம் கையில்தான் இருக்கிறது.