கமக்காரரைக் கேளாத ஆராய்ச்சி

நமது நாட்டிலே விவசாயத்தைப் போற்றாத மேடை இல்லை. தேர்தற் காலமாயின் ஏரும் கதிரும் சுவரொட்டியில் ஏறும்; பரிசளிப்பு விழாவாயின் உழவின் பெருமை ஒரு மணி நேரம் முழங்கும். ஆனால், எந்தப் பூச்சி உன் கத்தரியை முதலில் பிடிக்கிறது, எந்த மாதத்தில் உன் கிணறு உவர்க்கிறது என்று அந்த உழவனிடம் கேட்டு, அவன் சொன்ன விடையிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சிகள் எத்தனை? விரல்விட்டு எண்ணி முடித்துவிடலாம்.

மண்ணையும் நீரையும் கெடுக்காமற் காய்கறியும் பழமும் விளைவிக்கவேண்டும் என்பதில் இன்று எவருக்கும் அபிப்பிராய பேதமில்லை. அதற்கான வழியைக் காண்பது யார் என்பதிலேதான் பேதம். விஞ்ஞானியும் கமக்காரரும் ஒரே தோட்டத்தில் நின்று, ஒரே கேள்வியைக் கேட்டு, ஒன்றாகவே காணவேண்டும் என்பது நமது கட்சி. இதற்கு மாறான வழியின் பலனை நாடு முழுவதும் அநுபவித்துத் தீர்த்திருக்கிறது.

2019 ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலிலே கோட்டாபய ராஜபக்ச வெளியிட்ட கொள்கைப் பிரகடனம், 10 ஆண்டுகளில் சேதன விவசாயத்துக்கு மாறுவதாகக் கூறிற்று. அந்தப் 10 ஆண்டு ஓர் இரவாகச் சுருங்கிற்று. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையினதும் கிருமிநாசினியினதும் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் நெல் குன்றிற்று, தேயிலை குன்றிற்று, காய்கறித் தோட்டங்கள் வெளிறின. சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளையிலே தீங்கு செய்யும் பற்றீரியா உண்டெனக் கண்டு கப்பலைத் திருப்பியபின், பெறாத அந்தச் சரக்குக்காக 67 இலட்சம் டொலரை நாடு செலுத்தவும் நேர்ந்தது.

மண்ணைக் காக்கவேண்டும் என்ற நோக்கம் தவறன்று. பயிரிடுவோரைக் கேளாமல், பரிசோதனைத் தோட்டம் ஒன்றைத்தானும் அவர்களோடு சேர்ந்து போடாமல், வர்த்தமானி அறிவித்தலினாலேயே மண்ணைத் திருத்திவிடலாம் என்ற மமதையே தவறு. அந்த மமதை அழித்தது ஒரு போகத்தை மட்டுமா? "சேதனம்" என்ற சொல்லையே கமக்காரரின் காதுக்குக் கசப்பாக்கிவிட்டது. இன்று மூட்டை விற்பவனுக்குப் பிரசாரமே வேண்டியதில்லை. "2021 ஐ மறந்துவிட்டீர்களா?" என்ற ஒரு கேள்வியே அவனுக்குப் போதும்.

இங்கே நாம் ஒன்றைக் கேட்க விரும்புகிறோம். 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் வடக்கின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையிலே யூரியாவும் அடங்கியிருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரர் பூவரசங் குழை தாழ்த்தினர், பனையோலையை மண்ணிற் புதைத்தனர், ஆட்டுப்பட்டி அடைத்தனர், அவ்வாறு பயிர்செய்து உயிர்வாழ்ந்தனர். அது விரும்பி ஏற்ற விரதமன்று. யுத்தம் சுமத்திய கொடுமை. ஆயினும் எந்தப் பயிர் தாங்கிற்று, எது படுத்தது, எத்தனை வண்டிக் குழை எத்தனை பரப்புக்குப் போதும் என்ற அறிவு அக்கொடுமையினூடே ஆயிரக்கணக்கானோரின் கைகளிலே ஏறிற்று. 2021 இன் தடையை எழுதியவர்கள் அவர்களில் ஒருவரின் படலையையாவது தட்டினார்களா?

இதைக் கேட்டதும், "பாட்டன் வழியே பரிசுத்த வழி" என்று பழமைக்குப் பூசை செய்யும் கூட்டம் நம்மோடு கைகோக்க வரும். அந்தக் கை நமக்கு வேண்டாம். குடாநாட்டின் கிணற்றைப் பாருங்கள். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத அந்நிலத்திலே, சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் மாரிமழை சேர்த்துவைக்கும் நீரே குடிநீர். அதுவே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைக்கும் நீர். தோட்டத்தில் அளவுமீறி இடும் பசளையின் நைத்திரேற்று செம்மண்ணைக் கடந்து அந்நீரிலே கலக்கிறது. உலக சுகாதார தாபனம் விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்தின் தோட்டக் கிணறுகள் பல அந்த எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பல்லாண்டுகளாகக் காட்டிவருகின்றன. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. காய்ச்சினாலும் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலுவை அது குறைக்கும். பாட்டனின் அநுபவம் இதைக் கண்டிராது, ஆய்வுகூடமே கண்டது.

ஆனால் கண்டபின் நடந்தது என்ன? அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, மகாநாட்டில் வாசிக்கப்பட்டது, அலுமாரியில் உறங்கிற்று. கிணற்றுக்காரிக்குத் தன் கிணற்றின் இலக்கம் தெரியாது. பசளையைக் குறைத்தால் எவ்வளவு விளைச்சல் குறையும், அந்த நட்டத்தை யார் தாங்குவது என்ற அவளுடைய கேள்விக்கு அறிக்கையில் இடமில்லை. ஆய்வுகூடம் நீரை அறியும். அவளது கடனை அறியாது. அவள் கடனை அறிவாள். நீரின் நஞ்சை அறியாள். இந்த இரண்டு அறிவும் சந்திக்காதவரை குழந்தையின் குவளையிலே விழுவது ஒன்றே.

சந்தித்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பப்பாசி சாட்சி சொல்லும். 2008 இல் மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த வெண்மூட்டுப் பூச்சி இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பப்பாசியைப் பற்றிற்று. மெழுகுப் படலத்துள் ஒளிந்த அப்பூச்சியைத் தெளிப்பு மருந்து எட்டவில்லை. 2009 இல், அதன் உடலிலேயே முட்டையிட்டு அதை அழிக்கும் நுண்ணிய குளவி ஒன்று பியூட்டோ ரிக்கோவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. 2010 இல் இந்தியாவுக்கும் வந்தது. பல நாடுகளின் விஞ்ஞானிகள் அறிவைப் பகிர்ந்தனர். தமிழ்நாட்டிலே அக்குளவி விவசாயிகளின் கைகளுக்கே கொடுக்கப்பட்டுத் தோட்டந்தோறும் பரவிற்று. மருந்து தெளித்தால் குளவியே மாண்டுபோகும் என்பதை அறிந்து, தெளிகருவியைக் கீழே வைத்த கமக்காரரும் அந்த ஆராய்ச்சியின் பங்காளரே.

இந்தோனேசியாவையும் பார்க்கலாம். 1986 இல் அந்த அரசாங்கம் நெற்பயிருக்கு 57 கிருமிநாசினிகளைத் தடைசெய்தது. அதுவும் மேலிருந்து வந்த தடைதானே என்பீர்கள். உண்மை, ஆனால் அத்தடைக்கு முன்னே ஆராய்ச்சி நின்றது, பின்னே பள்ளி வந்தது. கபிலத் தத்தியை உண்ணும் சிலந்திகளையே மருந்து கொல்கிறது என்று விஞ்ஞானிகள் முதலில் நிறுவினர். 1989 முதல் வயற்பள்ளிகள் திறக்கப்பட்டன. ஒரு போகம் முழுவதும் வாரந்தோறும் கமக்காரர் வயலில் இறங்கிப் பூச்சியையும் பூச்சி தின்னிகளையும் தாமே எண்ணினர். தெளிப்பதா விடுவதா என்று தாமே தீர்மானித்தனர். நெல்லில் தொடங்கிய அம்முறை பின்னர் காய்கறிக்கும் விரிந்தது. நம்முடைய 2021 இல் முன்னேயும் ஒன்றுமில்லை, பின்னேயும் ஒன்றுமில்லை.

"விஞ்ஞானத்தை வாக்கெடுப்புக்கு விடுவதா?" என்று நிபுணர் சிலர் நகைக்கலாம். நைத்திரேற்றின் அளவை வாக்கெடுப்பு நிர்ணயிக்காது. நாமும் அதைக் கேட்கவில்லை. எதை ஆராய்வது, யாருடைய நிலத்தில் ஆராய்வது, பரிசோதனை பிழைத்தால் நட்டம் யாருக்கு, பலித்தால் பயன் யாருக்கு? இவை விஞ்ஞானத்தின் கேள்விகளல்ல, சமுதாயத்தின் கேள்விகள். இவற்றை மௌனமாக விடுபவர் நடுநிலைமை வகிப்பவரல்லர். பசளை மூட்டையோடு வருபவனிடம் அவற்றை ஒப்படைத்தவர்.

"கமக்காரர்" என்ற சொல்லும் எல்லோரையும் ஒன்றாக மூடிவிடக் கூடாது. நிலவுடையோனும் குத்தகைக்காரனும் ஒருவரல்லர். நாட்கூலிக்குக் களை பிடுங்கி, மருந்து தெளித்த இலைகளிடையே வெறுங்கையுடன் நிற்கும் பெண்ணை எந்தக் கூட்டத்துக்கு அழைத்தோம்? லயத்தின் ஓரத்திலே உரித்தில்லாத துண்டு நிலத்தில் லீக்ஸும் போஞ்சியும் நடும் மலையகத் தொழிலாளியிடம், இருபது ஆண்டுக்கு மண்ணைப் பேணு என்று எந்த முகத்தோடு சொல்வது? வடக்கின் சந்தைகளிலே நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ "கழிவு" என்று பறிகொடுத்ததாக நெடுங்காலம் முறையிட்டவர்களுக்கு, மண்புழுவின் மகிமையை மட்டும் போதிப்பது பரிகாசம். நிலவுரிமையையும் சந்தையையும் தொடாத ஆராய்ச்சி, வேரை விட்டு இலைக்கு மருந்தடிப்பதாகும்.

ஆகவே நாம் கேட்பவை இவை. பரிசோதனை கமக்காரரின் நிலத்திலேயே நடக்கட்டும்; அதனால் வரும் நட்டத்தைப் பொதுப்பணம் ஏற்கட்டும். ஒவ்வொரு கிணற்றின் அளவும் உரியவர் கையிற் கிடைக்கட்டும். முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் வெளிவரட்டும். ஆராய்ச்சிக் குழுவிலே குத்தகைக்காரனுக்கும் கூலிப்பெண்ணுக்கும் ஆசனம் இருக்கட்டும். அது அலங்காரத்துக்கன்றி, "இதை ஆராயுங்கள்" என்று சொல்லும் அதிகாரத்தோடு இருக்கட்டும்.

கிராமத்துப் பள்ளியின் ஆசிரியரும், பல்கலைக்கழகம் சென்ற கமக்காரர் வீட்டு மாணவரும் இந்த வேலையைத் தொடங்கலாம். இரு மொழியையும் அறிந்தவர்கள் அவர்களே: ஆய்வுகூடத்தின் மொழியையும், அடுக்களையின் மொழியையும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் தம் தந்தையாருக்கு உபதேசம் செய்வதை ஒருநாள் நிறுத்தி, கொப்பியும் பேனையுமாக வரம்பில் உட்கார்ந்து கேட்கட்டும். கேட்டதை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகட்டும்; அங்கே கண்டதை மீண்டும் அதே வரம்புக்குக் கொண்டுவரட்டும். கிணறு இன்னும் இறைபடுகிறது. குழந்தைகள் இன்னும் அதையே குடிக்கின்றன.