எரர் வந்தா பயப்படாதீங்க, வராதப்ப பயப்படுங்க

கேட் லேபுல ஒரு மணி நேரம் சும்மா உக்காந்து பாருங்க. "மச்சி, ஃபைல் ஓப்பன் ஆகல", "ஹாட்ச் விழமாட்டேங்குது", "3டி வியூ காலியா இருக்குடா". இந்த மூணு குரலும் கேட்காத நாளே கிடையாது. யாராவது ஒரு சீனியர் வருவார், ரெண்டு கிளிக் பண்ணுவார், பிரச்சினை தீரும், ரெக்கார்டுல கையெழுத்து விழும். அதோட வீட்டு டிசைன் சாஃப்ட்வேர் நமக்குக் கைவந்துடுச்சுன்னு நினைச்சுக்கறோம்.

என் கருத்து வேற. சத்தம் போடுற பிரச்சினை எல்லாம் நல்ல பிரச்சினை. அது தானாவே வந்து "என்னைக் கவனி"ன்னு சொல்லுது. சத்தமே போடாம, அழகான ரெண்டருக்குள்ள ஒளிஞ்சு உக்காந்திருக்கிற தப்புதான் ஆபத்து. அதைத் தேடுற பழக்கம் நம்மகிட்ட இல்லை; அதுக்கு லேபுல மார்க்கும் இல்லை.

இது வெறும் லேப் விஷயம்னு தள்ளிடாதீங்க. நம்மில் பல பேர் மூணாவது வருஷத்துலயே சொந்தக்காரங்களுக்கும் தெருக்காரங்களுக்கும் பிளான் போட்டுத் தர ஆரம்பிச்சிடறோம். அந்தப் பிரிண்ட் அவுட் நேரா மேஸ்திரி கைக்குப் போகுது. அவர் அதை நம்பி வானம் தோண்டுறார். அந்தக் குடும்பம் அதை நம்பித்தான் கடன் வாங்குது.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். அரியாங்குப்பம் கொம்யூன்ல இருக்கிற வீராம்பட்டினம். செங்கழுநீர் அம்மன் தேருக்குப் போனவங்களுக்கு ஊர் தெரிஞ்சிருக்கும். ஒரு பக்கம் வங்கக்கடல், இன்னொரு பக்கம் அரியாங்குப்பம் ஆறு. அங்க 20க்கு 40 அடி மனையில ஒரு மீனவக் குடும்பத்துக்கு வீடு வரையணும்னு வச்சுக்குவோம். லேப்டாப்பைத் திறங்க.

முதல்ல, சத்தம் போடுற பிரச்சினைகளைச் சீக்கிரமா முடிச்சிடலாம்.

ஆட்டோகேட் ஃபைல் திறக்கலையா? ரெக்கவர் கட்டளை கொடுங்க. அதுவும் கைவிட்டா, அதே ஃபோல்டர்ல .பேக் என்று முடியும் கோப்பு இருக்கும். அதோட கடைசிப் பகுதியை.டிடபிள்யூஜி என்று மாற்றினால் முந்தைய சேமிப்பு திறக்கும். ஃபைல் திறந்தும் நகர மாட்டேங்குதுன்னா ஆடிட், பர்ஜ், ஓவர்கில் மூன்றையும் வரிசையா ஓட்டுங்க. ஓவர்கில் என்பது ஒரே இடத்துல ஒண்ணுமேல ஒண்ணா கிடக்கிற கோடுகளை நீக்கும்.

ஹாட்ச் விழலையா? எங்கேயோ ஒரு மூலை மூடவில்லை. சுவர்க்கோடு இன்னொரு கோட்டைத் தொடுற மாதிரி தெரியும், ஜூம் பண்ணினா இடைவெளி இருக்கும். ரெவிட்டுல "அறை முழுசா அடைபடவில்லை"ன்னு வர்ற எச்சரிக்கைக்கும் வழக்கமா இதே காரணம்தான். ஆப்ஜெக்ட் ஸ்னாப் போடாம கண்ணளவுல வரைஞ்சா இதுதான் நடக்கும்.

தமிழ்ல "சமையலறை"ன்னு எழுதினா கேள்விக்குறி வருதா? நீங்க எடுத்தது பழைய எஸ்ஹெச்எக்ஸ் எழுத்துரு. அதுல தமிழ் எழுத்தே கிடையாது. டெக்ஸ்ட் ஸ்டைல்ல போய் லதா, நிர்மலா மாதிரி யூனிகோட் ட்ரூடைப் எழுத்துருவை மாற்றுங்க.

ஸ்வீட் ஹோம் 3டி-யில 3டி பகுதி மட்டும் காலியா இருந்தா முதல் சந்தேகம் கிராஃபிக்ஸ் டிரைவர்மேல போகணும்; புதுப்பிச்சுப் பாருங்க. ஸ்கெட்ச்அப்புல தரை மினுமினுன்னு துடிச்சா, ரெண்டு பரப்பு ஒரே மட்டத்துல ஒண்ணா கிடக்குது; ஒண்ணை அழிங்க. சில முகங்கள் மட்டும் நீலச் சாம்பல் நிறத்துல தெரிஞ்சா அது பின்பக்கம். வலது கிளிக் பண்ணி ரிவர்ஸ் பண்ணுங்க.

இதுல இன்னொண்ணு கொஞ்சம் குழப்பும். சர்வேயர் தந்த மனைப் படத்தை இம்போர்ட் பண்ணினதும் கோடுகள் நடுங்கும், ஜூம் பண்ணினா பாதி மாடல் மறையும், ரெவிட் "ரொம்ப தூரம்"னு புலம்பும். காரணம் எளிது. சர்வே ஆயத்தொலைகள் யுடிஎம் முறையில இருந்தா, புதுச்சேரி பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 1,316 கி.மீ. வடக்கே உக்காந்திருக்கும். ரெவிட்டோ தன் உள் ஆதிப்புள்ளியிலிருந்து 10 மைல், அதாவது சுமார் 16 கி.மீ.க்குள்ளதான் வரையச் சொல்லுது. அதுக்கு மேல போனா எண்களின் துல்லியம் குறையும். மனையின் ஒரு மூலையை ஆதிப்புள்ளிக்குக் கொண்டு வாங்க. உண்மையான ஆயத்தொலையைத் தனியா குறிச்சு வைங்க.

இவ்வளவும் ஒரு மாலையில கத்துக்கலாம். இதுக்கு அப்புறம் திரையில ஒரு எச்சரிக்கையும் இல்லை. சுவர் நிக்குது, கதவு திறக்குது, ரெண்டர் பளபளன்னு வருது. பயப்பட வேண்டிய நேரம் இதுதான்.

முதல் மௌனத் தப்பு, அலகு. நம்ம மேஸ்திரி அடி, அங்குலத்துல பேசுவார். காலேஜ் டிராயிங் மில்லிமீட்டர்ல இருக்கும். 9 அங்குலச் சுவரை 230ன்னு போடுறோம். அந்த 230-ஐ சாஃப்ட்வேர் அங்குலம்னு எடுத்துக்கிட்டா சுவர் தடிமன் 19 அடி 2 அங்குலம்! மொத்தமும் ஒரே விகிதத்துல பெருசாயிடறதால திரையில வீடு வீடு மாதிரியேதான் தெரியும். லைப்ரரியிலிருந்து ஒரு கட்டிலை எடுத்துப் போட்டாத்தான் அது எறும்பு மாதிரி கிடக்கும், அப்ப புரியும். அதனால இம்போர்ட் பண்ணினதும் முதல் வேலை: உங்களுக்கு அளவு நல்லாத் தெரிஞ்ச ஒரு கதவை அளந்து பாருங்க. 3 அடி கதவு 3 அடி வருதா? வந்தா மட்டும் மேல போங்க.

ரெண்டாவது, வெயில். ஸ்கெட்ச்அப்புல இடம் குறிக்காம நிழலைப் போட்டீங்கன்னா, அது அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்து போல்டர் நகரத்து நிழல். சாஃப்ட்வேர் பிறந்த ஊர் அது. போல்டர் வடக்கு 40 டிகிரி, நம்ம ஊர் 12 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே. டிசம்பர் 21 உச்சி நேரத்துல 10 அடி சுவரின் நிழல் போல்டர்ல 20 அடி நீளும். இங்க 7 அடிதான். அதைவிடப் பெரிய விஷயம், போல்டர்ல வருஷம் பூரா உச்சி வெயில் தெற்கேதான். இங்க ஏப்ரல் 21-ஐ ஒட்டி சூரியன் தலைக்கு நேரே வந்து, வடக்கே தாண்டிப் போய், ஆகஸ்ட் 21-ஐ ஒட்டித்தான் திரும்பும். அதாவது கத்திரி வெயில் காலத்துல வடக்குச் சுவரும் காயும். போல்டர் நிழலை நம்பி வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேடு வேண்டாம்னு முடிவெடுத்தா, அந்த வீட்டுல மே மாசம் படுக்கிறவங்கதான் அனுபவிக்கணும். ஸ்கெட்ச்அப்புல மாடல் இன்ஃபோவில இடத்தைக் குறிங்க; ஸ்வீட் ஹோம் 3டி-யில பிளான்மேல இருக்கிற திசைகாட்டியை டபுள் கிளிக் பண்ணினா இடமும் வடக்கும் மாற்றலாம். ரெண்டு நிமிஷ வேலை.

மூணாவது, தரை மட்டம். புது ஃபைல் திறந்ததும் நிலம் தட்டையா பூஜ்யத்துல இருக்கும். நாமளும் தரையை அதே பூஜ்யத்துல வரைஞ்சிடறோம். படத்துல ஒரு குறையும் தெரியாது. 2024 நவம்பர் 30 அன்னைக்கு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தப்ப, ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல மழை கொட்டுச்சு. எத்தனை தெருவுல தண்ணி வீட்டுக்குள்ள போச்சுன்னு நமக்குத் தெரியும். கடலும் ஆறும் இருக்கிற ஊர்ல பேஸ்மட்டம் எவ்வளவு உயரம்னு சாஃப்ட்வேர் கேட்காது. நீங்கதான் தெருவுல போய் நின்னு, தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு அந்த வீட்டு ஆட்களைக் கேட்கணும். சுவர்ல கறை இருந்தா அதை டேப் வச்சு அளக்கணும்.

நாலாவது, உப்புக் காற்று. வீட்டு டிசைன் சாஃப்ட்வேர்ல கான்கிரீட்டுன்னா சாம்பல் நிறம், அவ்வளவுதான். ஐ.எஸ். 456:2000 அப்படிப் பார்க்கிறதில்லை. சாதாரணச் சூழல்ல கம்பிக்கு மேல 20 மி.மீ. கவர் போதும், எம்20 கான்கிரீட் போதும். கடலோரச் சூழல் கடுமையான வகையில வரும். அங்க கவர் 45 மி.மீ., கான்கிரீட் குறைஞ்சது எம்30. இதை மறந்த வீட்டுல கம்பி துருப்பிடிச்சு, வீங்கி, சீலிங் பூச்சு பெயர்ந்து விழும். அப்ப ரெண்டர் படம் வந்து தாங்காது. கூடவே சி.ஆர்.இசட். விதிகளையும் பாருங்க. உயர் அலைக் கோட்டிலிருந்து மனை எவ்வளவு தூரம்னு தெரியாம வரையுற பிளானுக்கு அனுமதியே கிடைக்காமப் போகலாம்.

அஞ்சாவது, வாழுற மனுஷங்க. கேட்டலாக்கைத் திறந்தா எல் வடிவ சோஃபா இருக்கு, பியானோ கூட இருக்கும். வலை இருக்காது. ஐஸ் பெட்டி இருக்காது. படகு இன்ஜினைக் கழற்றிக் கொண்டு வந்து வைக்க ஒரு மூலை வேணும். அதுக்கு ஐகான் கிடையாது. வலை பின்னவும் நாலு பேர் உக்காந்து பேசவும் திண்ணை வேணும். கேட்டலாக்ல இருக்கிறதை வச்சு அறையை நிரப்பினா, அந்தக் குடும்பம் கடைசியில வலையைப் படுக்கையறையிலதான் போடும். சாஃப்ட்வேர் இதுக்கு ஒரு எச்சரிக்கையும் தராது. ஒரு சாதாரணப் பெட்டியை வரைஞ்சு "வலை"ன்னு பேர் எழுதி வைங்க, போதும்.

"இதெல்லாம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துக்குவார், எனக்கென்ன?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். இன்ஜினியர் கையெழுத்து இல்லாம எதையும் கட்டச் சொல்லலை. ஆனா அவரும் உங்க படத்துல இருந்துதான் தொடங்குவார். மட்டமும் திசையும் அலகும் தப்பா இருந்தா, அவர் கணக்கு எவ்வளவு சரியா இருந்தாலும் தப்பான வீட்டுக்குச் சரியான கணக்கு. சின்ன வீடுகள்ல பாதி நேரம் படம் நேரா மேஸ்திரிகிட்டயே போயிடுதுங்கறதும் நமக்குத் தெரிஞ்ச கதை.

"அப்ப சாஃப்ட்வேரே வேஸ்டா?" அப்படியும் இல்லை. எங்கேயோ செஞ்ச கருவியை நம்ம ஊருக்குப் பயன்படுத்துறது எப்படின்னு வீராம்பட்டினமே ஒரு தடவை காட்டியிருக்கு. 1998-ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்கள்ல கணினி வச்ச தகவல் மையங்களைத் தொடங்குச்சு. அந்தத் திட்டத்துல வீராம்பட்டினத்துலயும் ஒரு மையம் வந்துச்சு. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்துல வர்ற அலை உயர முன்னறிவிப்பை அங்க இறக்கி, ஒலிபெருக்கியில ஊருக்குத் தமிழ்ல சொன்னாங்க. கடலுக்குப் போறவங்க அதைக் கேட்டாங்க. கவனிங்க, கணினியில வந்தது பொதுப் படம். அதுல நம்ம கரைக்கு எது பொருந்தும்னு பார்த்து, நம்ம ஆளுக்குப் புரியுற மாதிரி சொல்ல நடுவுல ஒரு மனுஷன் தேவைப்பட்டார். வீட்டு பிளான்ல அந்த நடுவுல இருக்கிற ஆள் நீங்கதான்.

அதனால என் கோரிக்கை ரெண்டு. ஒண்ணு நம்ம துறைக்கு: பிளான் ரெக்கார்டோட ஒரு பக்கச் சரிபார்ப்புத் தாளும் கேளுங்க. ரெண்டருக்கு இருக்கிற மார்க்குல பாதியை அதுக்குக் கொடுங்க. இன்னொண்ணு உங்களுக்கு: பிரிண்ட் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி அஞ்சு கேள்வி கேளுங்க. தெரிஞ்ச அளவு ஒண்ணை அளந்தேனா? வடக்கும் ஊரும் சரியா? தண்ணி எது வரைக்கும் வரும்? காத்துல உப்பு இருக்கா? இந்த வீட்டுல யார், எதோட வாழப்போறாங்க?

அஞ்சுல ஒண்ணுக்குப் பதில் தெரியலைன்னாலும் லேப்டாப்பை மூடி வச்சிட்டு, டேப்பை எடுத்துக்கிட்டு மனைக்குக் கிளம்புங்க.