இரண்டு கை, ஒரு படம்

ஒரு நாவலின் முன்பாதியை ஒருவரும் பின்பாதியை இன்னொருவரும் மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்பது என்னைப் போல இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கதை மாறாது, குரல் மாறிவிடும். கோடிகளைக் கொட்டி சூப்பர் ஹீரோ படம் எடுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோக்களுக்கு மட்டும் இது புரிவதே இல்லை.

2017இல் வெளிவந்த 'ஜஸ்டிஸ் லீக்'கை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் ஸாக் ஸ்னைடரின் முந்தைய படத்தை விமர்சகர்கள் கிழித்ததில் வார்னர் பிரதர்ஸ் ஏற்கெனவே மிரண்டுபோயிருந்தது. மகளைப் பறிகொடுத்த ஸ்னைடர் அந்த மே மாதம் விலகியதும் படம் ஜாஸ் வீடன் கைக்குப் போயிற்று. இருண்ட கதைக்குள் வேடிக்கை வசனங்கள் புகுந்தன. நீளம் இரண்டு மணி நேரமாகச் சுருக்கப்பட்டது. சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் அதற்குள் வேறொரு படத்துக்காக மீசை வளர்த்திருந்தார். அதை மழிக்க அந்தப் படக் கம்பெனி சம்மதிக்கவில்லை. கம்ப்யூட்டரில் மீசையை அழித்தார்கள். மேலுதடு பொம்மை உதடாயிற்று. இத்தனைக்கும் பிறகு, இயக்கம் என்று திரையில் வந்தது ஸ்னைடரின் பெயர்!

சூப்பர்மேனுக்கு இது புதிதல்ல. 1977இல் ரிச்சர்டு டோனர் 'சூப்பர்மேன்' படத்தின் இரண்டு பாகங்களையும் சேர்த்தே எடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு டிசம்பரில் முதல் பாகம் பிரமாதமாக ஓடியது. இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதியும் தயார். ஆனாலும் தயாரிப்பாளர்களோடு ஏற்பட்ட தகராறில் டோனர் நீக்கப்பட்டார். ரிச்சர்டு லெஸ்டர் வந்து பலவற்றைத் திரும்ப எடுத்தார். வசூலில் பங்கு தர வேண்டியிருக்கும் என்று மார்லன் பிராண்டோவின் காட்சிகளைத் தூக்கினார்கள். தகப்பன் சொல்ல வேண்டியதைத் தாய் சொன்னாள். அந்தப் படமும் ஓடியதுதான் வினை. ஸ்டூடியோக்கள் பாடம் கற்கும் அவசியமே இல்லாமல் போய்விட்டது.

பணம் போடுகிறவருக்குப் பயம் இருக்கக் கூடாதா என்று கேட்கலாம். நியாயம்தான். இயக்குநரை அவர் போக்கில் விட்டால் காவியம் பிறந்துவிடும் என்பதும் இல்லை. 2021இல் ஸ்னைடர் தன் விருப்பப்படி வெளியிட்ட 'ஜஸ்டிஸ் லீக்' நான்கு மணி நேரம் ஓடுகிறது. யாராவது கத்தரி போட்டிருக்கக் கூடாதா என்று பல இடங்களில் தோன்றுகிறது. ஆனால் அது ஒரே ஆள் சொல்லும் கதை. பிடிக்கவில்லை என்றால் யாரைத் திட்டுவது என்றாவது தெரிகிறது.

இதே வார்னர் பிரதர்ஸ்தான் 2003இல் பேட்மேனை கிறிஸ்டோபர் நோலனிடம் நம்பிக் கொடுத்தது. 2008இல் வந்த அவருடைய 'தி டார்க் நைட்' 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. கதை பிடிக்கவில்லை என்று சொல்லத் தயாரிப்பாளருக்கு முழு உரிமை உண்டு. அதைச் சொல்ல வேண்டிய நேரம் காமிரா சுழலத் தொடங்கும் முன்பு.